காதுல சீழ் வந்துக்கினே இருக்கு, ஜவ்வுல ஓட்டைன்னு சொல்லிட்டாங்க, ஆபரேஷன் பண்ணித்தான் ஆகணுமா?

காட்பாடி அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். என் பொண்ணுக்கு ஒம்பது வயசு, நாலாவது படிக்கிறா. கைக்கொழந்தையா இருக்கும்போதே சளி புடிச்சா எடது காதுல சீழ் வரும், சொட்டு மருந்து விட்டா நின்னுடும், அப்புறம் தலைக்கு ஊத்தினா திரும்ப ஆரம்பிக்கும், இப்படியே போய்க்கினு இருக்கு. வலின்னு ஒரு நாளும் சொன்னதில்ல. போன வாரம் ஈஎன்டி டாக்டர்கிட்ட காட்டினோம், ஜவ்வுல ஓட்டை இருக்கு, மொதல்ல காது காயட்டும், அப்புறம் ஆபரேஷன் பத்தி பேசலாம்னாரு. பின்னாடி அவ்ளோ கூட்டம், அதுக்கு மேல நின்னு கேக்க முடியல. மாமியார் "வயசுக்கு வந்தா தானா நின்னுடும், பொம்பளப்புள்ள காதுல கத்தி வெக்காதீங்க"ன்றாங்க. வீட்டுக்காரருக்கு மூளைக்குப் பக்கத்துலயாச்சேன்னு பயம். எனக்கு இன்னா பயம்னா கூப்ட்டா சில நேரம் திரும்பவே மாட்டேன்றா, டிவி சத்தத்த ஏத்தி ஏத்தி வெக்கிறா. தெரிஞ்சவங்க கொஞ்சம் விவரமா சொல்லுங்க.

குடியாத்தம் தறிக்காரன்:
அக்கா இத லேசுல விடாதீங்க. எனக்கும் சின்ன வயசுலேர்ந்து வலது காது ஒழுகும், வலி இல்ல ஜுரம் இல்ல, அதனால எங்க வீட்ல யாருக்கும் அது ஒரு வியாதியாவே தெரியல. சீழ் கொஞ்சமாத்தான் வரும் ஆனா நாத்தம் இன்னா நாத்தம், காலைல தலகாணி உறைல மஞ்சளா வட்டமா கறை இருக்கும், பக்கத்துல யாராச்சும் உக்காந்தா நான் தலைய அந்தாண்ட திருப்பிக்குவேன். எங்க ஊர்ல ஒரு க்ளினிக்ல எப்ப போனாலும் ஊசி போட்டு மாத்திரை குடுப்பாங்க, ஒரு தடவ கூட லைட் அடிச்சி காதுக்குள்ள பாத்தது கிடையாது. கடைசில தறில நிக்கும்போது தல சுத்தி பாவு நூல் மேலயே சாஞ்சிட்டேன். ஸ்கேன் எடுத்தா காதுக்குப் பின்னாடி எலும்ப அரிச்சி வெச்சிருக்கு, உள்ள கேக்குற எலும்புல ஒண்ணு இல்லவே இல்ல. ஆபரேஷன் ஆச்சு, சீழ் நின்னுச்சி, ஆனா அந்தக் காது பழைய மாதிரி கேக்கல. உங்க பொண்ணுக்கு சின்ன வயசு, இப்பவே பாத்துடுங்க.

பாகாயம் நர்ஸ்:
ரொம்ப வருஷம் ஈஎன்டி வார்டுலயும் ஓபிலயும் வேல பாத்து ரிட்டயர் ஆனவ நான், அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன் பொறுத்துக்கோங்க. தறிக்காரத் தம்பிக்கு வந்ததும் உங்க பொண்ணுக்கு இருக்கறதும் ஒரே வியாதியா இல்லாமலும் இருக்கலாம்மா. வெளில பாத்தா ரெண்டும் காது ஒழுகுறதுதான், ஆனா நாள்பட்ட நடுக்காது சீழ்ல ரெண்டு வகை இருக்கு, எந்த வகைன்னு தெரிஞ்சாதான் மேல பேச்சே. அத தெரிஞ்சிக்காம "எனக்கு தானா நின்னுச்சி"ன்னு ஒருத்தரும் "எனக்கு எலும்பே போச்சு"ன்னு இன்னொருத்தரும் சொன்னா கேக்குறவங்களுக்கு குழப்பம்தான் மிஞ்சும்.

ஒரு வகைல ஓட்டை ஜவ்வோட நடுப்பகுதில இருக்கும். சளி புடிச்சா, தண்ணி போனா நெறைய ஒழுகும், சளி மாதிரி நூல் நூலா வரும், நாத்தம் அவ்வளவா இருக்காது, மருந்து விட்டா காஞ்சிடும். இது பெரும்பாலும் உயிருக்கு ஆபத்து இல்லாத வகை, கேக்குற திறனத்தான் கொஞ்சம் கொஞ்சமா கெடுக்கும். இன்னொரு வகைல ஓட்டை ஜவ்வோட மேல் பக்கமோ ஓரமோ இருக்கும், இல்லன்னா ஜவ்வு அங்க உள்வாங்கி பை மாதிரி ஆயிடும், அந்தப் பைக்குள்ள தோல் உரிஞ்சி உரிஞ்சி வெங்காயம் மாதிரி அடுக்கடுக்கா சேந்துக்கினே போவும். கொலஸ்டியடோமான்னு பேரு. பேர கேட்டுட்டு கேன்சரான்னு பயப்படுவாங்க, கேன்சர் கெடையாது, ஆனா பக்கத்துல இருக்குற எலும்ப அரிக்கும். சீழ் கொஞ்சமாத்தான் வரும், நாத்தம் தாங்காது, சில நேரம் ரத்தம் கலந்து வரும். தறிக்காரத் தம்பி சொன்னது அப்படியே இதுதான். இதுக்கு சொட்டு மருந்து மட்டும் போதாது, எந்த வயசா இருந்தாலும் ஆபரேஷன்தான்.

உங்க பொண்ணோட சீட்டுல டாக்டர் இன்னா எழுதியிருக்காருன்னு பாத்து சொல்லுங்கம்மா. சென்ட்ரல்னு இருந்தா நடு ஓட்டை, ஆட்டிக்னா மேல் பக்கம், மார்ஜினல்னா ஓரம், இதுல எது இருக்கு?

காட்பாடி அம்மா:
சீட்டுல எடது பக்கம் போட்டு "சென்ட்ரல் பெர்ஃபொரேஷன்"னு இருக்குங்க. சீழ் நெறையத்தான் வரும், நாத்தம் இல்ல, மூக்குச்சளி மாதிரிதான் இருக்கும். சொட்டு மருந்து விட்டா தொண்டைல கசக்குதும்மான்னு சொல்றா, அது எப்படிங்க காதுல விட்டா தொண்டைக்குப் போவும்?

பாகாயம் நர்ஸ்:
அப்படின்னா நான் மொதல்ல சொன்ன நடு ஓட்டை வகைதாம்மா. ஓட்டை இருக்குல்ல, மருந்து அது வழியா நடுக்காதுக்குப் போவுது. நடுக்காதுலேர்ந்து மூக்குக்குப் பின்னாடி தொண்டை வரைக்கும் ஒரு குழாய் இருக்கு, யூஸ்டேஷியன் குழாய்னு சொல்வாங்க, மலை ஏறும்போது காது அடைச்சி எச்சி முழுங்கினா விடுதே, அந்தக் குழாய்தான். மருந்து அதுல எறங்கி தொண்டைல கசக்குது. கசந்தா மருந்து போவவேண்டிய எடத்துக்குப் போவுதுன்னு அர்த்தம், பயப்படாதீங்க.

அதே குழாய்தான் இந்த வியாதிக்கு வழியும் கூட. குழந்தைங்களுக்கு அது குட்டையா அகலமா படுத்தவாக்குல இருக்கும், மூக்குல இருக்குற சளியும் கிருமியும் சுலபமா ஏறிடும். நடுக்காதுல சீழ் கட்டி, போக வழி இல்லாம ஜவ்வ கிழிச்சிக்கினு வெளிய வரும். பெரும்பாலும் அந்த ஓட்டை தானா மூடிடும். மூடாம திரும்பத் திரும்ப சளி புடிச்சி, மூக்குக்குப் பின்னாடி இருக்குற அடினாய்டு சத வளந்து, வீட்ல பீடி சிகரெட் பொகை, படுக்க வெச்சே பால் பாட்டில் குடுக்குறது, இப்படி ஏதாச்சும் சேந்தா நிரந்தர ஓட்டையா நின்னுடும். ரெண்டு வாரத்துக்கு மேல ஒழுகினாலே நாள்பட்டதுன்னு உலக சுகாதார நிறுவனம் கணக்கு வெக்கிது, சில டாக்டருங்க ஆறு வாரம்னு சொல்வாங்க.

வயசுக்கு வந்தா நின்னுடும்னு உங்க மாமியார் சொல்றது முழுசா தப்புன்னு சொல்ல மாட்டேன். வளர வளர அந்தக் குழாய் நீளமாவும், சளி புடிக்கிறதும் கொறையும், அதனால சீழ் வர்றது கொறையலாம். ஆனா சீழ் நின்னா ஓட்டை மூடிடுச்சின்னு அர்த்தம் இல்ல. காஞ்சி போன ஓட்டை அப்படியேதான் இருக்கும், கேக்குறது கொறைவாத்தான் இருக்கும், கல்யாணம் ஆகி கொழந்த பெத்தப்புறம் கூட ஒரு சளில திரும்ப ஆரம்பிக்கலாம். அப்படி வந்த பொம்பளைங்கள வார்டுல எவ்ளோ பேர பாத்திருக்கேன்.

வாலாஜா பெரியவர்:
எல்லாம் சரிதான் அம்மா, ஆனா எங்க காலத்துல காது வலின்னா நல்லெண்ணெய்ல பூண்டு தட்டிப் போட்டு காய்ச்சி வெதுவெதுப்பா ரெண்டு சொட்டு விடுவாங்க, சரியாயிடும். கைக்கொழந்தைக்கு தாய்ப்பால் பீய்ச்சி விடுவாங்க. அதெல்லாம் இப்ப யாரும் சொல்றதில்லயே. எல்லாத்துக்கும் ஆபரேஷன்னா ஏழை பாழை எங்க போவான்?

பாகாயம் நர்ஸ்:
ஐயா, உங்க வயசுக்கு மரியாத குடுத்தே சொல்றேன். ஜவ்வு முழுசா இருக்குற காதுல எண்ணெய் விட்டா வெளிக்காதுலயே நின்னுடும், பெருசா கெடுதல் இல்லாம போயிருக்கும், வலியும் தானா கொறஞ்சிருக்கும். ஓட்டை இருக்குற காதுல விட்டா எண்ணெய் நேரா நடுக்காதுக்குள்ள போவும். அங்க அத தொடச்சி எடுக்க வழியே இல்ல, ஈரமும் அழுக்கும் சேந்து கிருமியும் காளானும் வளரும். பாலும் அப்படித்தான், கிருமிக்கு அத விட நல்ல சாப்பாடு கெடையாது. காய்ச்சின எண்ணெய் சூடு கணக்கு தப்பி ஜவ்வு வெந்து போன கொழந்தைங்களையும் பாத்திருக்கேன். கோழி எறகு, ஊக்கு, பட்ஸ், எதுவும் உள்ள போவக்கூடாது. பஸ் ஸ்டாண்டு பக்கம் காது குரும்பி எடுக்க ஊசி வெச்சிக்கினு சுத்துவாங்களே, அவங்க கிட்ட காத காட்டவே கூடாது.

ஏழைங்க எங்க போவாங்கன்னு கேட்டீங்க, அது நியாயமான கேள்வி. வேலூர் பக்கம் அடுக்கம்பாறை கவர்மென்ட் மெடிக்கல் காலேஜ்ல ஓபியும் ஆபரேஷனும் இலவசம்தான். தனியார்ல பண்றதா இருந்தா முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கு, வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள்ள இருந்தா குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரைக்கும். கார்டு இல்லாதவங்க விஏஓ கிட்ட வருமானச் சான்று வாங்கிக்கினு ரேஷன் கார்டு, ஆதாரோட சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸ்ல இருக்குற காப்பீட்டு மையத்துக்குப் போனா போட்டோ எடுத்து பதிஞ்சிடுவாங்க. ஆஸ்பத்திரில சேர்றதுக்கு முன்னாடியே அங்க இருக்குற காப்பீட்டு கவுண்டர்ல இந்த ஆபரேஷன் சேருமான்னு கேட்டுக்கோங்க, பின்னாடி அலைய வேண்டாம்.

சத்துவாச்சாரி ஆடியாலஜி:
நான் காது கேட்புத் திறன் டெஸ்ட் எடுக்குற வேலைல இருக்கேன். காட்பாடி அக்கா, கூப்ட்டா திரும்பலன்னு சொன்னீங்களே, அதுதான் எனக்கு முக்கியமா பட்டுது. ஆடியோகிராம் எடுத்தாங்களா? எடுக்கலன்னா அடுத்த தடவ நீங்களே கேளுங்க. ஒம்பது வயசு கொழந்தைக்கு கஷ்டமே இல்ல, சத்தம் வராத ரூம்ல உக்கார வெச்சி ஹெட்ஃபோன் மாட்டி பீப் கேட்டா கை தூக்கச் சொல்லுவோம். அதுக்கப்புறம் காதுக்குப் பின்னாடி எலும்புல ஒரு சின்ன கருவிய வெச்சி அதே மாதிரி எடுப்போம். ஹெட்ஃபோன்ல கொறைவா கேட்டு எலும்பு வழியா நல்லா கேட்டா உள்ள இருக்குற நரம்பு நல்லா இருக்கு, ஜவ்வுலயோ சின்ன எலும்புங்கலயோதான் தடைன்னு தெரிஞ்சிடும். அந்தத் தடைய ஆபரேஷன்ல சரி பண்ண வாய்ப்பு உண்டு. எலும்பு வழியாவும் கொறைவா கேட்டா உள்காதும் பாதிச்சிருக்கு, அத ஆபரேஷன் திருப்பிக் குடுக்காது.

ஸ்கூல் பாடத்துல சுத்தி, பட்டடை, அங்கவடின்னு மூணு எலும்பு படிச்சிருப்போம்ல, ஜவ்வுல படுற சத்தத்த உள்காதுக்குக் கடத்துறது அதுங்கதான். அங்கவடி மூணு மில்லிமீட்டர்தான், ஒடம்புலயே சின்ன எலும்பு. நாள்பட்ட சீழ்ல மொதல்ல அரிக்கிறது பெரும்பாலும் பட்டடையோட நீளக் காலத்தான். சத்தத்த டெசிபல்னு அளப்போம், ஜவ்வுல ஓட்டை மட்டும் இருந்தா கேக்குறது 10லேர்ந்து 40 டெசிபல் வரைக்கும் கொறையும், எலும்பு சங்கிலியும் அறுந்துட்டா 50, 60 வரைக்கும் போவும். நாம சாதாரணமா பேசுறதே 60 டெசிபல் பக்கம்தான், இத வெச்சி பாருங்க.

குடியாத்தம் அண்ணாவுக்கு ஒரு விஷயம். தறி சத்தம் தனியா உள்காத பாதிக்கும், அது நல்லா இருக்குற எடது காதுக்கும் வரும். அதனால அந்தக் காதுக்கு இப்பவே வெளிய மூடுற இயர் மஃப் போட்டுக்கோங்க. ஆபரேஷன் பண்ண காதுக்கு இன்னா போடலாம்னு மட்டும் உங்க டாக்டர கேட்டுட்டு போடுங்க, உள்ள அடைக்கிற பிளக் நீங்களா வெக்காதீங்க.

ஆற்காடு பையன்:
எல்லாரும் ஆபரேஷன் ஆபரேஷன்றீங்க. எங்க பெரியம்மா பையனுக்கு ஜவ்வு வெச்சி தைச்சாங்க, கொஞ்ச மாசத்துல திரும்ப ஓட்டை ஆயிடுச்சி, செலவு பண்ணதெல்லாம் வேஸ்ட்டுன்னு வீட்ல ஒரே சண்ட. அப்புறம் எதுக்கு பண்ணணும்? மருந்து விட்டுக்கினே காலத்த ஓட்டலாமே?

சத்துவாச்சாரி ஆடியாலஜி:
தம்பி உங்க அண்ணனுக்கு நடந்தது வருத்தமான விஷயம்தான், அப்படி நடக்கும், இல்லன்னு சொல்லல. நடு ஓட்டைக்கு பண்ற ஆபரேஷன்ல பத்து பேருக்கு ஒம்பது பேர் பக்கம் ஜவ்வு ஒட்டிக்கும், ஒட்டாம போறவங்களும் உண்டு. ஓட்டை பெருசா இருந்தா, காது ஈரமா இருக்கும்போதே பண்ணா, சிகரெட் புடிச்சா, மூக்குல அலர்ஜியோ சைனஸோ இருந்து அத கவனிக்காம விட்டா ஒட்டாம போறதுக்கு வாய்ப்பு அதிகம். ஒட்டலன்னா திரும்பவும் பண்ணலாம், ரெண்டாவது தடவ காதுக்கு முன்னாடி இருக்குற குருத்தெலும்புல சின்ன துண்டு எடுத்து வெக்கிறாங்க, அது இன்னும் உறுதியா நிக்கும். உங்க அண்ணனுக்கு மூக்க சோதிச்சாங்களான்னு கேளுங்க.

மருந்து விட்டுக்கினே ஓட்டலாமான்னு கேட்டா, நடு ஓட்டை உள்ள பெரியவங்க சில பேர், காது வருஷக்கணக்கா காஞ்சே இருக்கு, கேக்குறதும் பரவாயில்லன்னா, தண்ணி படாம பாத்துக்கினு விட்டுடுறதும் உண்டு, டாக்டருங்களே அத ஒத்துக்குவாங்க. ஒம்பது வயசு படிக்கிற பொண்ணுக்கு கணக்கு வேற. கொலஸ்டியடோமாவுக்கு அந்தப் பேச்சே கெடையாது.

பாகாயம் நர்ஸ்:
இதோட ஒண்ணு சேத்துக்குறேன். இந்த ஜவ்வு ஆபரேஷன் ஏதோ புதுசா கண்டுபுடிச்சி சோதிச்சிப் பாக்குற சமாச்சாரம் கெடையாது. 1950கள்ல ஜெர்மனில வுல்ஸ்டைன், சோல்னர்னு ரெண்டு டாக்டருங்க மைக்ராஸ்கோப் வெச்சி முறைப்படுத்தினது, டிம்பனோபிளாஸ்டின்னு பேரு. காதுக்கு மேல பொட்டுல கை வெச்சி பல்ல கடிச்சா ஒரு சத அசையும் பாருங்க, அந்த சத மேல மெல்லிசா ஒரு உறை இருக்கும், அதுல கொஞ்சம் எடுத்து காய வெச்சா பேப்பர் கணக்கா ஆவும், அததான் ஓட்டைக்கு அடில வெச்சி மூடுறாங்க. மூளைய யாரும் தொடுறதில்ல, உங்க வீட்டுக்காரர் கிட்ட சொல்லுங்கம்மா. பெரியவங்களுக்கு மரத்துப்போற ஊசிலயே பண்ணுவாங்க, கொழந்தைங்களுக்கு மயக்கம் குடுத்துத்தான். இப்ப எண்டோஸ்கோப்னு கேமரா வெச்ச மெல்லிசு குழாய் வெச்சி காதுக்குப் பின்னாடி கிழிக்காமலே சில பேருக்கு பண்றாங்க.

அணைக்கட்டு டீச்சர்:
நான் கிராமத்து தொடக்கப் பள்ளில டீச்சரா இருக்கேன். இந்த இழைய படிச்சதும் எழுதாம இருக்க முடியல. எங்க வகுப்புல எப்பவும் ஒண்ணு ரெண்டு பிள்ளைங்க காதுல பஞ்சு வச்சிக்கிட்டு வரும். சில பிள்ளைங்க பாடம் கேக்கும்போது தலைய ஒரு பக்கமா திருப்பியே உக்காந்திருக்கும், டிக்டேஷன் சொன்னா பக்கத்துப் பிள்ள ஸ்லேட்டப் பாத்து எழுதும். வெளில இருந்து பாக்குறவங்களுக்கு மக்கு, திமிர், கவனம் இல்லன்னு தோணும். வேலூர் பக்கத்து கிராமத்துக் குழந்தைங்க கிட்ட எடுத்து 1999ல வெளியான ஒரு ஆய்வுல 6 சதவீதம் பிள்ளைங்களுக்கு காது ஒழுகுற நோய் இருந்துச்சி. முப்பது பிள்ளைங்க இருக்குற வகுப்புன்னா அந்தக் கணக்குக்கு ரெண்டு பிள்ளைங்க.

பள்ளிக்கு வருஷா வருஷம் சுகாதார நிலையத்துல இருந்து ஒரு டீம் வந்து பிள்ளைங்கள சோதிக்கும், 2013ல ஆரம்பிச்ச ஆர்பிஎஸ்கேன்ற குழந்தைங்க உடல்நலத் திட்டம் அது. அவங்க பாக்க வேண்டிய முப்பது நோய்ல நடுக்காது சீழும் ஒண்ணு. சீட்டு எழுதிக் குடுத்தா பெரிய ஆஸ்பத்திரில சிகிச்சை இலவசம். ஆனா அந்தச் சீட்ட வாங்கிட்டுப் போயி அலமாரில வச்சிடுற பெத்தவங்கதான் நிறைய. கூலி வேலைய விட்டுட்டு ஒரு நாள் அலையணுமேன்னு இருக்கும், அவங்கள குத்தம் சொல்லவும் மனசு வரல. டீச்சருங்க யாராவது இத படிச்சா, சீட்டு குடுத்த பிள்ள பேர குறிச்சி வச்சிக்கிட்டு அடுத்த மாசம் ஒரு தடவ கேளுங்க, அதுக்கே பாதிப் பேர் போவாங்க.

காட்பாடி அம்மா, உங்க பொண்ணுக்கு எடது காதுன்னா வகுப்புல இடது ஓரமா முன் பெஞ்சுல உக்கார வைக்கச் சொல்லுங்க, டீச்சர் பக்கம் நல்ல காது இருக்கும். உங்க பொண்ணோட டீச்சர் கிட்ட கூச்சப்படாம சொல்லிடுங்க.

காட்பாடி அம்மா:
டீச்சர் நீங்க சொன்னது படிச்சி அழுகையே வந்துடுச்சி, ரிப்போர்ட் கார்டுல "கவனக்குறைவு"ன்னுதான் எழுதி அனுப்பியிருந்தாங்க. நாளைக்கே போய் பேசுறேன். நர்ஸ் அக்கா, காது காயணும்னா வீட்ல இன்னா பண்ணணும்? தலைக்கு ஊத்தாம எத்தன நாள் இருக்கறது? லீவுக்கு ஒடுகத்தூர்ல எங்கம்மா வீட்டுக்குப் போனா கெணத்த விட்டு வரமாட்டா, வெய்யில் வேற எங்க ஊர்ல கேக்கவே வேணாம்.

பாகாயம் நர்ஸ்:
கெணறு இப்போதைக்கு வேணாம்மா, மனசு கல்லாக்கிக்கோங்க. முங்கும்போது அழுத்தத்துல தண்ணி ஓட்டை வழியா உள்ள ஏறும், பஞ்சு வெச்சாலும் நிக்காது. தலைக்கு ஊத்தலாம், ஆனா பஞ்சுல வாசலின நல்லா தடவி காது வாய்ல அடைச்சிட்டு ஊத்துங்க, காஞ்ச பஞ்சு வெச்சா அது தண்ணிய உறிஞ்சி உள்ளதான் தள்ளும். குளிச்சி முடிச்சதும் எடுத்துடுங்க. நாள் முழுக்க பஞ்சு வெச்சி அடைக்காதீங்க, காது காத்தோட்டமா இருக்கணும்.

மருந்து விடுறதுக்கு முன்னாடி சீழ எடுக்கணும், இத பாதிப் பேர் பண்றதே இல்ல. சீழ் மேலயே மருந்து விட்டா அது மெதந்து வெளிய வந்துடும், மருந்து வேல செய்யலன்னு வேற மருந்து மாத்துவாங்க. சுத்தமான மெல்லிசான பருத்தித் துணியோ டிஷ்யூ பேப்பரோ எடுத்து முனை கூம்பா வர்ற மாதிரி திரி திரிங்க, குச்சி எதுவும் உள்ள இருக்கக்கூடாது, வெறும் திரிதான். காது மடல மேலயும் பின்னாடியும் லேசா இழுத்துப் புடிச்சி திரிய மெதுவா உள்ள விட்டு அப்படியே கொஞ்ச நேரம் வெச்சிருங்க, சீழ அதுவே உறிஞ்சும். எடுத்துப் போட்டுட்டு புதுசு விடுங்க. திரி காஞ்சி வர்ற வரைக்கும் இப்படியே. அதுக்கப்புறம் மருந்து பாட்டில கைக்குள்ள கொஞ்ச நேரம் மூடி வெச்சி கதகதப்பாக்கி விடுங்க, சில்லுன்னு விட்டா கொழந்தைக்கு தல சுத்தும். ஒருக்களிச்சி படுக்க வெச்சி விட்டுட்டு, காதுக்கு முன்னாடி இருக்குற சின்ன மேட்ட விரலால அமுக்கி அமுக்கி விட்டா மருந்து உள்ள எறங்கும். அஞ்சு நிமிஷம் எழுந்திரிக்க விடாதீங்க. இது ஒரு நாளைக்கு மூணு தடவையாச்சும் நடக்கணும்.

இன்னா மருந்துன்றது டாக்டர் சொல்றதுதான். பொதுவா ஓட்டை இருக்குற காதுக்கு சிப்ரோஃப்ளாக்சசின், ஓஃப்ளாக்சசின் சொட்டு மருந்துதான் மொதல்ல எழுதுவாங்க. இந்தச் சீழ்ல பெரும்பாலும் இருக்குற சூடோமோனாஸ், ஸ்டாஃபைலோகாக்கஸ்ன்ற ரெண்டு கிருமிக்கும் அது கேக்கும். ஜென்டாமைசின், நியோமைசின் கலந்த சொட்டு மருந்து ஓட்டை வழியா உள்காதுக்குப் போய் நரம்ப கெடுக்க வாய்ப்பு இருக்கு, அதனால மருந்துக் கடைல "காது மருந்து குடுங்க"ன்னு வாங்கி விடவே விடாதீங்க. மாத்திரை, ஊசிய விட சொட்டு மருந்துதான் இந்த வியாதிக்கு நல்லா வேல செய்யும், ஏன்னா மருந்து நேரா சீழ் இருக்குற எடத்துலயே பல மடங்கு கெட்டியா போய் நிக்கிது. குடியாத்தம் தம்பிக்கு வருஷக்கணக்கா ஊசியும் மாத்திரையும் குடுத்தாங்கன்னு படிச்சி வயிறு எரிஞ்சிது. அதே நேரம் சொட்டு மருந்தயும் டாக்டர் சொன்ன நாளுக்கு மேல விடாதீங்க, காளான் வந்து அரிப்பு எடுக்கும்.

ஆம்பூர் அக்கா:
இடையில வர்றதுக்கு மன்னிச்சிக்கோங்க. என் தம்பி ஷூ கம்பெனில வேல பாக்குறான், அவனுக்கும் நாத்த சீழ்தான் ரொம்ப நாளா. இப்ப ரெண்டு நாளா சீழ் சுத்தமா நின்னுடுச்சி, நல்லதுன்னு இருந்தோம், ஆனா தலைவலி தாங்கலன்றான், ஜுரம் அடிக்குது, காலைல வாந்தி எடுத்தான். காதுக்குப் பின்னாடி வீங்கின மாதிரி இருக்கு. மாத்திரை குடுத்து தூங்க வெச்சிருக்கேன். நாளைக்கு காட்டினா போதுமா?

பாகாயம் நர்ஸ்:
போதாதும்மா. இப்பவே கெளம்புங்க, எழுப்பி பேச்சு குடுத்துப் பாருங்க. சீழ் வெளிய வர்ற வழி அடைச்சிக்கினு உள்பக்கம் போற மாதிரி இருக்கு, காதுக்குப் பின்னாடி எலும்புல சீழ் கட்டலாம், மூளை உறைக்கும் பரவலாம். 108க்கு அடிங்க, ஈஎன்டி டாக்டரும் ஸ்கேனும் இருக்குற பெரிய ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போங்க, சின்ன க்ளினிக்ல நேரத்த போக்காதீங்க. காது ரொம்ப நாளா ஒழுகின ஆளு, இப்ப நின்னு தலைவலி வந்திருக்குன்னு மொதல் வாக்கியமே அத சொல்லுங்க. மாத்திரை எதுவும் இனிமே குடுக்காதீங்க.

ஆம்பூர் அக்கா:
அட்மிட் பண்ணிட்டாங்க. ஸ்கேன்ல காதுக்குப் பின் எலும்புல சீழ் இருக்காம், மூளைக்குப் போவலன்னு சொல்லிட்டாங்க. நரம்புல மருந்து ஏறுது, ஆபரேஷன்னு சொல்லியிருக்காங்க. கும்புடுறேன் அக்கா.

பாகாயம் நர்ஸ்:
தெய்வமே. நல்லபடியா வருவான்மா. மத்தவங்களும் இத பாத்துக்கோங்க. காது ஒழுகுறவங்களுக்கு வாய் ஒரு பக்கமா கோணினா, கண்ணு மூட முடியலன்னா, வீடே சுத்துற மாதிரி தலசுத்தல் வந்தா, காதுக்குப் பின்னாடி வீங்கி மடல முன்னாடி தள்ளினா, கழுத்து வெறச்சா, சொன்னதே சொல்லிக்கினு மந்தமா இருந்தா அன்னைக்கே ஆஸ்பத்திரி. முகத்த அசைக்கிற நரம்பு நடுக்காது வழியாத்தான் போவுது, அதனாலதான் வாய் கோணுறது.

ஆற்காடு பையன்:
படிச்சி பதறிட்டேன். எங்க அண்ணன்கிட்ட பேசினேன், அவருக்கு மூக்கு எப்பவும் அடைச்சிக்கினே இருக்குமாம், யாரும் பாக்கலயாம், சிகரெட்டும் உண்டு. திரும்ப காட்டச் சொல்லியிருக்கேன். தறிக்கார அண்ணா, ஆபரேஷனுக்கு அப்புறம் எப்படி இருந்துச்சின்னு சொல்லுங்க, அவருக்கு காட்டுறேன்.

குடியாத்தம் தறிக்காரன்:
எனக்கு பண்ணது ஜவ்வு ஆபரேஷன் மட்டும் இல்ல தம்பி, காதுக்குப் பின்னாடி எலும்ப கொடஞ்சி எடுத்து சுத்தம் பண்ணது, மாஸ்டாய்டுன்றாங்க. வலி நெனச்ச அளவு இல்ல. தலைய சுத்தி பெரிய கட்டு, ஒரு வாரம் பக்கம் கழிச்சி தையல் பிரிச்சாங்க. மூக்கு சிந்தக்கூடாது, தும்மல் வந்தா வாய தொறந்துக்கினு தும்மணும், முக்கி வெயிட்டு தூக்கக்கூடாது. பாவு உருளைய தூக்குறதுதான் என் வேலையே, ஓனர் கிட்ட சொல்லி கொஞ்ச நாள் தார் சுத்துற வேலைக்கு, நூல் சுத்துறதுதான், மாத்திக்கினேன். உள்ள பெரிய குழியா விட்டிருக்காங்க, அதுல குரும்பி சேரும், அதனால வருஷத்துக்கு ரெண்டு வாட்டி போய் மைக்ராஸ்கோப் வெச்சி சுத்தம் பண்ணிக்கணும், அது ஆயுசுக்கும். சில்லுன்னு காத்து அடிச்சா, பச்சத்தண்ணி பட்டா தல சுத்தும். ஆனா நாத்தம் போச்சு தம்பி. என் பொண்ணு இப்ப என் வலது பக்கம் வந்து சாஞ்சி தூங்குது.

சத்துவாச்சாரி ஆடியாலஜி:
அண்ணா, கொலஸ்டியடோமா திரும்பவும் வளர வாய்ப்பு இருக்கு, அதனால சீழ் இல்லன்னாலும் அந்த செக்கப்ப விடாதீங்க. சில பேருக்கு ஒரு வருஷம் பக்கம் கழிச்சி திரும்ப தொறந்து பாப்பாங்க, இல்ல எம்ஆர்ஐ எடுப்பாங்க. அறுந்து போன எலும்புக்கு பதிலா டைட்டானியத்துலயோ உங்க சொந்த எலும்புலயோ செஞ்சி வெக்கவும் முடியும், எல்லாருக்கும் பொருந்தாது, உங்க டாக்டர கேட்டுப் பாருங்க.

வாலாஜா பெரியவர்:
நிறைய தெரிஞ்சிக்கிட்டேன் அம்மா. எண்ணெய் விஷயத்த பேரப்புள்ளைங்க வீட்லயும் சொல்லிட்டேன். ஒரே ஒரு கேள்வி. என் வீட்டம்மாவுக்கு ரெண்டு காதும் ஒழுகும், வயசு எழுபது தாண்டிடுச்சி, சர்க்கரை, இருதயம் எல்லாம் இருக்கறதால ஆபரேஷன் வேணாம்னுட்டாங்க. காது மெஷின் மாட்டினா சீழ் இன்னும் அதிகமாவுது. பேசுறதே கொறஞ்சி போச்சு அவளுக்கு. வழி ஏதாச்சும் இருக்கா?

சத்துவாச்சாரி ஆடியாலஜி:
இருக்கு ஐயா. காதுக்குள்ள அடைக்கிற மெஷின் போட்டா காத்து போவாம ஈரம் கட்டி ஒழுகத்தான் செய்யும். மொதல்ல டாக்டர் கிட்ட உறிஞ்சி சுத்தம் பண்ணி, சர்க்கரைய கட்டுல வெச்சி, எந்தக் காது கொஞ்சம் காயுதோ அந்தக் காதுக்கு மட்டும் காத்து போற ஓட்டை வெச்ச அச்சு செஞ்சி மாட்டலாம், ராத்திரி கழட்டி வெச்சிடணும், அச்ச தெனமும் தொடைக்கணும். அதுவும் ஒத்துக்கலன்னா எலும்பு வழியா கேக்குற மெஷின் இருக்கு, ஹெட்பேண்ட் மாதிரி தலைல மாட்டிக்கிட்டா காதுக்குப் பின்னாடி எலும்புல அதிர்வு குடுக்கும், காதுக்குள்ள எதுவுமே போவாது, ஆபரேஷனும் வேணாம். அம்மாவோட எலும்பு வழி அளவு நல்லா இருந்தா இது நல்லா வேல செய்யும். பழைய ஆடியோகிராம் சீட்டு இருந்தா எடுத்துக்கினு, காலைல சீக்கிரமா ஈஎன்டி ஓபிக்கு வந்துடுங்க, "போன் கண்டக்ஷன் மெஷின் மாட்டிப் பாக்கணும்"னு சொல்லுங்க. வாங்குறதுக்கு முன்னாடி அங்கயே மாட்டி, நீங்க எதிர்ல உக்காந்து பேசிப் பாருங்க. அவங்களுக்குக் கேட்டா மட்டும் காசு குடுங்க.